ஜோஸ்னா சிஸ்டருக்க மாமியார்

செம்பூர், பம்பாய்
14-2-1994

அன்பு நிறைந்த மாமிக்கு, ஜோஸ்னா எழுதுகிறேன்.

ஆண்டவர் கிருபையில் சேதமில்லாமல் வந்து சேர்ந்தேன். ரயிலில் கால் நீட்ட இடமில்லை, சாப்பாடும் வாயில் வைக்க முடியவில்லை. நீங்கள் கட்டிக் கொடுத்துவிட்ட மரச்சீனி வற்றலும் தேங்காய்த் துவையலும்தான் கைகொடுத்தது. இங்கே ஒரே அறையில் ஆறு பேர் தங்கியிருக்கிறோம், எல்லாரும் நர்சுமார். நெய்யாற்றின்கரை லேகாவும் உண்டு. நாங்கள் ரெண்டு பேரும் ஒரே வார்டில் நின்று வேலை பார்த்தவர்கள் அல்லவா, அதனால் தனிமை தெரியவில்லை.

சவூதியில், தம்மாமில் ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்கு ஆள் எடுக்கிறார்களாம். இன்டர்வியூ எப்போது என்று ஏஜென்சியில் இன்னும் சொல்லவில்லை. பாஸ்போர்ட்டையும் ஒரிஜினல் சர்ட்டிபிக்கேட்டுகளையும் ஜெயசிங் அண்ணன் முன்னாலேயே இவர்களுக்கு அனுப்பிவிட்டதால், நான் வெறும் கையோடு உட்கார்ந்திருக்கிறேன். லேகா காப்பி மட்டும்தான் கொடுத்தாளாம். "எனக்கு இங்க ஆரையும் அறியாது, அதான் கொடுக்கல. உனக்கு சொந்தத்துல ஆள் உண்டு, நீ பயப்படண்டா" என்கிறாள்.

ஸ்டேஷனுக்கு நீங்கள் வருவீர்கள் என்று ரயில் நகரும் வரைக்கும் பார்த்தேன். அண்டியாபீசில் லீவு கிடைக்கவில்லை என்று வினீத் சொன்னார். நீங்கள் லீவே கேட்கவில்லை என்று எனக்குத் தெரியும். போகட்டும்.

பிளெஸிக்கு இருமல் வந்தால் துளசிச் சாறு மட்டும் போதும். உறங்க அடம்பிடித்தால் என் பழைய நீலச் சேலையைப் பக்கத்தில் போடுங்கள்.

உங்கள் மருமகள்
ஜோஸ்னா


கொல்லயில்
25-2-1994

ஜோஸ்னாவுக்கு மாமி எழுதுவது.

உனக்க கடிதம் கிட்டி. நீ சுகமா போய்ச் சேர்ந்ததுல சந்தோசம். இஞ்ச எல்லாருக்கும் சுகம் உண்டு. பிளெஸி மொதல்ல கொஞ்ச நாள் வாசப்படியில போய் நின்னு பாத்தா. இப்ப இல்ல. உனக்க சேலை ஒண்ணும் வேண்டாம், எனக்க பக்கத்துல படுத்தாலே உறங்குறா. காலம்பற என்கூட அண்டியாபீசுக்கு வாறா. அங்க பிள்ளைகளப் பாக்க ஆயா உண்டு. நான் முந்திரிப் பருப்பு தரம் பிரிக்க இடத்துலேருந்து பாத்தா அவ விளையாடுறது தெரியும்.

ஸ்டேஷனுக்கு வரலன்னு எழுதியிருக்கே. உள்ளதச் சொல்லணும்லா. மூணு வயசு ஆவாத பிள்ளைய விட்டுட்டுப் போறவள வழியனுப்ப எனக்கு மனசு வரல. உனக்க மாமனார் மரிச்ச பிறவு வினீத்த நான் ஒத்தையில வளத்தேன். ஒரு நாளும் அவன விட்டுட்டு எங்கயும் போனதில்ல. ஆனா வினீத்துக்க லாரி ஓட்டத்த நம்பி இனி முடியாதுன்னு நீங்க ரெண்டுபேரும் முடிவு செய்தப்போ நான் குறுக்க நிக்கல.

கூட்டிட்டுப் போறது வேற எவனாவது ஏஜென்ட்டுன்னா கண்டிப்பா சம்மதிச்சிருக்க மாட்டேன். ஜெயசிங் எனக்க கூடப்பிறந்த அண்ணன் பொன்னுதாஸுக்க மவன். சின்னதுல அவனுக்கு அம்ம இல்லாத குறை தெரியாம நான் எடுத்து வளத்தவன். பாறசாலையில அவனுக்க ஆபீசுக்கு முன்ன இப்ப எத்தன பேரு காத்துக் கிடக்காவன்னு நீயே கண்டிருக்கே. அவன் சொல்லுறபடி கேட்டு நட. ஏறுக்கு மாறா ஒண்ணும் பேசாதே.

ஞாயிறு ஆராதனைக்கு அங்க தமிழ் சபை உண்டான்னு விசாரி.

இப்படிக்கு
மாமி


செம்பூர், பம்பாய்
8-3-1994

அன்புள்ள மாமிக்கு,

இதை எப்படி எழுதுவது என்று தெரியாமல் ரெண்டு தடவை எழுதிக் கிழித்துவிட்டேன். பொறுமையாக வாசியுங்கள்.

நேற்று ஏஜென்சிக்குக் கூப்பிட்டார்கள். இன்டர்வியூவாக்கும் என்று நினைத்து, இஸ்திரி போட்ட சேலை கட்டிக்கொண்டு நானும் லேகாவும் போனோம். டாக்டரும் இல்லை, மேட்ரனும் இல்லை. ஒருத்தர் மேசையில் இங்கிலீஷும் அரபியுமாய் அடித்த ஒரு பேப்பரை வைத்து, கீழே ஒப்புப் போடச் சொன்னார். வாசித்துவிட்டுப் போடுகிறேன் என்றேன். "ரொம்பப் பேர் வெளியே நிக்கிறாங்க, போட்டுட்டு அப்புறம் வாசி" என்றார். நான் பேனாவை எடுத்தேன் மாமி, பொய் சொல்லவில்லை. லேகா என் கையைப் பிடித்து, "எடீ, ஒப்பிடண்டா!" என்று கத்தினாள். வேலை என்று இருக்கிற இடத்தில் நர்ஸ் என்று இல்லை. வீட்டு வேலைக்காரி என்று இருந்தது. ஆஸ்பத்திரியின் பேர் எங்கேயும் இல்லை, ஒரு ஆளின் பேர்தான் இருந்தது.

கேட்டதற்கு, "அது விசாவுக்காக அப்படிப் போடுறது, அங்க போனதும் ஆஸ்பத்திரிக்கு மாத்திடுவாங்க" என்றார். எழுதித் தாருங்கள் என்றேன். சிரித்தார். ஒப்புப் போட மாட்டேன் என்றதும் சிரிப்பு போய்விட்டது. லேகா அவளுடைய காப்பிகளை எடுத்துக்கொண்டு வந்துவிட்டாள். என் பாஸ்போர்ட்டும் சர்ட்டிபிக்கேட்டுகளும் அவர்கள் அலமாரியில் இருக்கிறது. செலவுக் கணக்கு தீர்க்காமல் தர மாட்டோம் என்கிறார்கள்.

ஜெயசிங் அண்ணனுக்கு இது தெரிந்து நடந்ததா, தெரியாமல் நடந்ததா என்று நான் சொல்லவில்லை. அவர் ஒரு வார்த்தை சொன்னால் இவர்கள் தந்துவிடுவார்கள். வினீத்துக்கு நான் எழுதவில்லை. எழுதினால் லாரியைக் கொண்டுபோய் அந்த ஆபீசுக்குள்ளேயே நிறுத்துவார். உங்களுக்கு மட்டும்தான் எழுதுகிறேன்.

உங்கள் ஜோஸ்னா


கொல்லயில்
17-3-1994

ஜோஸ்னாவுக்கு,

கடிதம் கண்டு ஜெயசிங்க வீட்டுக்கு வரச்சொல்லிக் கேட்டேன். வந்தான். பிளெஸிக்கு பிஸ்கட்டும் வாங்கிட்டு வந்தான். "மாமி, எல்லாருக்கும் இப்படித்தான் விசா அடிக்கிறது. கூடப் போன பிள்ளைகள் எல்லாம் ஒப்பிட்டாச்சு. இவளுக்கு அந்த லேகா சொல்லிக் கொடுக்கா. இப்படி முரண்டு பிடிச்சா எனக்க பேருதான் கெடும்"ன்னு சொல்லுறான்.

எனக்கு இந்தக் காரியம் ஒண்ணும் தெரியாது. வீட்டு விஷயத்த ஊருக்குள்ள வலிச்சு இழுக்க எனக்கு விருப்பமில்ல. பொன்னுதாஸ் அண்ணன் கேள்விப்பட்டா வருத்தப்படுவான். ஜெயசிங் சொல்லுறத நம்பி ஒப்பிட்டுட்டுப் போ. போனா சரியாவும்.

மாமி


செம்பூர், பம்பாய்
25-3-1994

அன்புள்ள மாமிக்கு,

உங்கள் கடிதத்தை வாசித்துவிட்டு மொட்டைமாடியில் போய்க் கொஞ்ச நேரம் நின்றேன். கீழே வந்து முகம் கழுவிவிட்டு எழுதுகிறேன். மரியாதைக் குறைவாக ஏதாவது வந்துவிட்டால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் ஒப்புப் போட மாட்டேன்.

வீட்டு வேலை கேவலம் என்று சொல்லவில்லை மாமி. எங்கள் அம்மா நாலு வீட்டில் பாத்திரம் தேய்த்துத்தான் என்னைப் படிக்க வைத்தாள். வீட்டு வேலைக்கு என்று சொல்லிக் கூப்பிட்டிருந்தால் வருகிறேன், வரவில்லை என்று யோசித்துச் சொல்லியிருப்பேன். நர்ஸ் என்று சொல்லிக் கூப்பிட்டுவிட்டு என் படிப்பை ஒரு வரியில் அழிக்க இவர்கள் யார்? மூன்று வருசம் படித்தேன். கல்யாணம் ஆகி, பிளெஸியை வயிற்றில் சுமந்துகொண்டும் டியூட்டி பார்த்தேன். என் கையில் எத்தனை பிள்ளைகள் பிறந்திருக்கிறது! எங்கள் குடும்பத்தில் சர்ட்டிபிக்கேட் என்று ஒன்றைச் சட்டம் போட்டு மாட்டின முதல் ஆள் நான். அங்கே போய் ஒரு வீட்டுக்குள் பூட்டிவைத்தால், நான் நர்ஸ் என்று யாரிடம் போய்ச் சொல்வேன்? ஒப்பிட்டுப் போன ஒரு பெண்ணின் அம்மா இங்கே ஏஜென்சி வாசலில் வந்து நிற்கிறாள். மகளிடமிருந்து கடிதம் வந்து மாதக்கணக்கில் ஆயிற்றாம்.

உங்களை அண்ணன் வீட்டோடு சண்டை போடச் சொல்லவில்லை. ஜெயசிங் அண்ணனிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள். நான் போகிற ஆஸ்பத்திரியின் பேர் என்ன என்று கேளுங்கள். வீட்டில் வைத்துக் கேட்காதீர்கள், அவர் ஆபீசில், ஆள் இருக்கும்போது கேளுங்கள். அவர் நேராகப் பதில் சொன்னால், நீங்கள் சொல்கிறபடி நான் கேட்கிறேன்.

பிளெஸிக்கு முத்தம்.

ஜோஸ்னா


கொல்லயில்
6-4-1994

மக்கா ஜோஸ்னா,

இதுக்கு முந்தி அடிச்ச தந்தி கிட்டியிருக்கும். அதுல "ஆபீசில் போய் வாங்கு"ன்னு மட்டும்தான் எழுத முடிஞ்சு. விவரத்த இதுல எழுதுறேன்.

உனக்க கடிதம் வாசிச்சப்போ எனக்குக் கோபம்தான் வந்து. உன்மேலயா, அவன்மேலயா, எனக்கே மேலயான்னு தெரியாத கோபம். பிளெஸிய இடுப்புல எடுத்துக்கிட்டு பாறசாலைக்கு பஸ் ஏறினேன். ஜெயசிங்குக்க ஆபீசுல காரோடு ஊருலேருந்து வந்த ஒரு தகப்பனும் மவளும், வேற கொஞ்சம் பேரும் பெஞ்சுல இருந்தாவ. என்னக் கண்டதும் எழும்பி, "வாங்க மாமி, சாயா சொல்லட்டா?"ன்னான்.

"சாயா பிறவு குடிக்கலாம். ஜோஸ்னா போற ஆஸ்பத்திரிக்க பேரு என்னா மக்கா? சபையில பெண்டுகள் கேக்காவ. சொல்லணும்லா."

ஏதோ ஒரு பேரு சொன்னான். "எந்த ஊருல?"ன்னு கேட்டேன். "ரியாத்துல"ன்னான்.

"எலே, அவளுக்கு தம்மாம்னுல்லா சொல்லியிருக்கு?"

"தம்மாம்தான். ரியாத் வழியாத்தான் போவணும்."

"செரி. ஆஸ்பத்திரிக்க பேர ஒரு தாள்ல எழுதித் தா."

அவன் எழுதல. மூக்கத் தடவினான். ஜோஸ்னா, பொய்யி சொல்லும்போ அவன் மூக்கத் தடவுவான். நான் வளத்த பிள்ளை, எனக்குத் தெரியாதா? அந்தக் காரோட்டுக்காரர் மெதுவா, "எங்களுக்க மவளுக்கும் ஆஸ்பத்திரிப் பேரு சொல்லலியே சாரே"ன்னார்.

நான் பெஞ்சுல இருந்தேன். "அவளுக்க பாஸ்போர்ட்டும் சர்ட்டிபிக்கேட்டும் அவளுக்க கையில கிட்டணும். கிட்டாம நான் எழும்ப மாட்டேன்"ன்னேன்.

"மாமி, ஆளுக பாக்காவ. நம்ம குடும்பத்துக்க மானம் போவும்."

"மானம் உனக்கு மட்டும்தான் உண்டா? எனக்க மருமவளுக்கு இல்லியா?"

சாயங்காலம் வர இருந்தேன். அவன் அசையல. மறுநாளும் அண்டியாபீசுக்கு லீவு சொல்லிட்டுப் போனேன். பொன்னுதாஸ் அண்ணனே வந்தான். "ஜெயபாய், எழும்பு, வீட்டுக்குப் போவலாம்"ன்னான். "நீயும் இரு அண்ணே. உனக்க மவன்கிட்ட நீயும் கேளு"ன்னேன். என்ன ஒரு பார்வை பாத்துட்டு படியிறங்கிப் போனான். கூப்பிட்டேன், திரும்பல.

அந்தக் காரோட்டுக்காரரும் அன்னைக்கு வந்து மவளுக்க பேப்பர் முழுசையும் திரும்ப வாங்கினார். அதக் கண்டு இன்னொருத்தரும் கேட்டாவ. அதுக்குப் பிறவுதான் ஜெயசிங் எழும்பி எஸ்.டி.டி. பூத்துக்குப் போனான். நானும் பின்னாலயே போய் கண்ணாடிக்கு வெளிய நின்னேன். என்னவோ ஹிந்தியில பேசினான். வெளிய வந்து, "போய் வாங்கச் சொல்லுங்க"ன்னான். அவனுக்க கண்ணுல தண்ணி. எனக்கும்தான். ஆனா நான் அவனத் தேத்தல.

தனியா போவாதே. லேகாவையும் கூட்டிட்டுப் போ. ஒவ்வொண்ணா பாத்து வாங்கிட்டுத்தான் வெளிய இறங்கணும். வினீத் இப்ப எல்லாம் அறிஞ்சாச்சு. அவன நான் பிடிச்சு வச்சிருக்கேன்.

ஒப்பிட்டுட்டுப் போன்னு நான் எழுதினத நினைச்சா சோறு இறங்கல மக்கா. நீ கேக்காம இருந்தது நல்லது. மூணு வருசம் படிச்சது நீயாக்கும், நானில்ல.

மாமி


செம்பூர், பம்பாய்
22-5-1994

என் அன்பு மாமிக்கு,

பாஸ்போர்ட்டும் சர்ட்டிபிக்கேட்டுகளும் கையில் கிடைத்த விவரத்தை அன்றைக்கே எழுதியிருந்தேன். இப்போது அதைவிடப் பெரிய செய்தி. நான் செலக்ட் ஆகிவிட்டேன்! லேகாவும்தான். தம்மாம் பக்கத்திலேயே ஒரு ஆஸ்பத்திரி. பேர் கான்ட்ராக்டில் மேலேயே பெரிதாக அடித்திருக்கிறது. வேலை, ஸ்டாஃப் நர்ஸ்.

இது வேறு ஏஜென்சி. பேப்பரில் விளம்பரம் பார்த்தோம். விளம்பரத்திலேயே சர்க்கார் தந்த லைசென்ஸ் நம்பர் போட்டிருந்தார்கள். அதையும் நாங்கள் நம்பவில்லை. இங்கே வெளிநாடு போகிறவர்களுக்கான சர்க்கார் ஆபீசில் போய் அந்த நம்பர் உள்ளதுதானா என்று விசாரித்த பிறகுதான் போனோம். ஒரிஜினலைப் பார்த்தார்கள், அங்கேயே திருப்பித் தந்துவிட்டார்கள்.

கேள்வி கேட்டது எகிப்துக்கார மேட்ரன் அம்மா. உருண்டையான முகம், சிரிக்கவே இல்லை. நீ தனியாக நின்று சமாளித்த ஒரு கேஸைச் சொல் என்றார். காரோட்டில் வயலில் பாம்பு கடித்துக் கொண்டுவந்த ஆளைப் பற்றிச் சொன்னேன். டாக்டர் வருகிறவரைக்கும் காலில் போட்டிருந்த கட்டை அவிழ்க்காமல், டிரிப் ஏற்ற வழி செய்து, மூச்சைக் கவனித்துக்கொண்டே நின்றதைச் சொன்னேன். என் இங்கிலீஷ் நடுவில் ரெண்டு இடத்தில் மாட்டிக்கொண்டது. "அந்த ஆள் பிழைத்தாரா?" என்று கேட்டார். "அடுத்த மாசம் ஒரு வாழைக்குலையோடு வார்டுக்கு வந்தார்" என்றேன். அப்போதுதான் சிரித்தார்.

ஊரில் பிள்ளைகள் உங்களிடம் விசாரிக்கிறார்கள் என்று எழுதியிருந்தீர்கள். அவர்களுக்கு இதைச் சொல்லுங்கள். சொந்தக்காரன், சபைக்காரன் என்று பார்த்து யாரிடமும் ஒரிஜினலைக் கொடுக்க வேண்டாம், காப்பி போதும். ஏஜென்சியின் லைசென்ஸ் நம்பரை வெட்கப்படாமல் கேட்க வேண்டும். கேட்டதும் கோபப்படுகிறவனிடம் நிற்கவே வேண்டாம். வாசிக்காமல் ஒப்பிடக் கூடாது, இங்கிலீஷ் புரியவில்லை என்றால் பேப்பரைத் தெரிந்த ஒருவரிடம் காட்ட நேரம் கேட்க வேண்டும். கான்ட்ராக்டில் இருக்கிற வேலையே விசாவிலும் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். 'போனபிறகு மாத்தலாம்' என்ற பேச்சே ஆகாது. எது கொடுத்தாலும் ரசீது. இன்னொன்று, விசா கையில் வருவதற்கு முன், இப்போது பார்க்கிற வேலையை விட்டுவிடக் கூடாது. நான் விட்டேன், அதனால்தான் இங்கே வந்து திண்டாடினேன். இன்டர்வியூவில் செய்யாத வேலையைச் செய்தேன் என்று சொல்ல வேண்டாம். அடுத்த கேள்வியிலேயே பிடித்துவிடுவார்கள்.

அடுத்த வாரம் ஊருக்கு வருகிறேன். திருவனந்தபுரத்திலிருந்துதான் விமானம். அதுவரைக்கும் பிளெஸியோடும் உங்களோடும் இருக்கலாம்.

உங்கள் ஜோஸ்னா


கொல்லயில்
18-9-1994

அன்பு மக்கா ஜோஸ்னா,

உன்ன விமானத்துல ஏத்தி விட்டுட்டு வந்த பிறவு பிளெஸி ஆகாசத்துல எது பறந்தாலும் கை காட்டுறா. காக்காவுக்கும்தான். வினீத் இப்ப நேரத்தோட வீட்டுக்கு வாறான். பிள்ளைக்கு தலை சீவி விடப் படிச்சிட்டான், வகிடுதான் கோணலா போவுது.

நீ எழுதின காரியங்கள மாதர் சங்கக் கூட்டத்துல சொன்னேன். நின்னு பேசி எனக்குப் பழக்கமில்ல. கடகடன்னு சொல்லிட்டுப் போனேன். போதகர் அம்மா, "பைய சொல்லுங்க, நாங்க எழுதி எடுக்கணும்"ன்னாவ. அப்பதான் தைரியம் வந்து. முடிச்சதும் மூணு அம்மமாரு வீடுவர கூடவே வந்து விசாரிச்சாவ. இப்ப சாயங்காலமானா யாராவது வாறது உண்டு. கிருஷ்ணன்குட்டி சாருக்க மவ, கல்லூரி படிச்ச பிள்ள, அவளும் வந்தா. எனக்கு இங்கிலீஷ் தெரியாதுன்னு சொன்னேன். "நான் வாசிக்கேன், எங்க கேக்கணும்னு மட்டும் சொல்லுங்க"ன்னா.

பொன்னுதாஸ் அண்ணன் புதுசா கெட்டின வீட்டுக்கு ஜெபம் வச்சான். எல்லாரையும் அழைச்சான். என்ன அழைக்கல. அன்னைக்கு அந்த வழி போற பஸ்ஸுல ஏறாம சுத்திப் போனேன். சங்கடம் இல்லன்னு சொல்ல மாட்டேன். ஆனா அந்த பெஞ்சுலேருந்து நான் எழும்பிப் போயிருக்கலாம்னு ஒரு நாளும் தோணினதில்ல.

போன கிழமை நெய்யாற்றின்கரைக்குப் போற பஸ்ஸுல ஒரு பெண்ணு எழும்பி எனக்கு இடம் தந்தா. "நீங்க ஜோஸ்னா சிஸ்டருக்க மாமியார்தானே?"ன்னு கேட்டா. நான் இத்தன காலமும் பொன்னுதாஸுக்க தங்கச்சி, கனகதாஸுக்க பெண்டாட்டி, வினீத்துக்க அம்ம. இது புதுசு. "ஆமா, அவளுக்க மாமியாராக்கும்"ன்னு நல்லா சத்தமா சொன்னேன். பஸ்ஸுல எல்லாரும் கேக்கட்டும்னுதான் சொன்னேன்.

உனக்க சாப்பாடு எப்படி? அங்க மரச்சீனி கிட்டுமா?

அன்புள்ள மாமி


தம்மாம், சவூதி
29-1-1995

என் அன்பு மாமிக்கு,

மரச்சீனி கிட்டாது. ஆனால் மலையாளிக் கடையில் பப்படம் கிட்டும். லேகாவும் நானும் சேர்ந்து சமைக்கிறோம். அவள் எல்லாவற்றிலும் தேங்காய் போடுகிறாள், நான் அவளைத் திட்டுகிறேன், பொழுது போகிறது.

வேலை கடினம்தான். பாஷை புரியாமல் ஆரம்பத்தில் நிறையக் கஷ்டப்பட்டேன். எங்கே வலிக்கிறது, மூச்சு இழு, பயப்படாதே, இந்த மூன்றையும் அரபியில் படித்துக்கொண்டேன். போன வாரம் பிரசவ வார்டில் ஒரு கிழவி என் கையைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை. அவள் மகளுக்கு முதல் பிரசவம், சிக்கலாக இருந்தது. பிள்ளை அழுத சத்தம் கேட்டதும் கிழவி என் நெற்றியில் முத்தம் கொடுத்துவிட்டாள். மேட்ரன் எல்லார் முன்னாலும் என் பேரைச் சொல்லிப் பாராட்டினார். உங்களிடம் சொல்லாமல் யாரிடம் சொல்வேன்?

இந்த வருசமும் ஆள் எடுக்கிறார்கள். அதே ஏஜென்சிதான், இன்டர்வியூ எர்ணாகுளத்தில் நடக்கும். லைசென்ஸ் நம்பரும் தேவையான பேப்பர் விவரமும் தனித்தாளில் வைத்திருக்கிறேன். உங்களிடம் வருகிற பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள்.

பிளெஸி 'அம்மா' என்று எழுதின தாளை என் கட்டிலுக்கு மேலே ஒட்டியிருக்கிறேன். 'ம்' மட்டும் தலைகீழாக இருக்கிறது.

உங்கள் ஜோஸ்னா


கொல்லயில்
20-6-1995

அன்பு மக்கா,

இந்தக் கடிதத்த உக்காந்து வாசி. ஒரு காரியம் கேக்கணும்.

போன மாசம் நல்ல மழை பெய்த ஒரு நாள் பொன்னுதாஸ் அண்ணனுக்க ரெண்டாம் கெட்டுல பிறந்த மவ ஷைனி வந்தா. நர்சிங் படிச்சு முடிச்சு ஒரு ஆஸ்பத்திரியில வேல பாக்கா. நனைஞ்சு, ஒரு பிளாஸ்டிக் கவர நெஞ்சோட சேத்துப் பிடிச்சிருந்தா.

"மாமி, அண்ணன் எனக்கு ஒரு விசா கொண்டு வந்தான். நான் ஒப்பிடல. ஜோஸ்னாக்கா எழுதின இன்டர்வியூக்கு நான் போவலாமா?"

"இது உனக்க அப்பாவுக்குத் தெரியுமா?"ன்னு கேட்டேன்.

"அப்பாதான் கூட்டிட்டு வந்தாவ. ரோட்டுல நிக்காவ."

நான் முற்றத்துக்கு இறங்கிப் பாத்தேன். அண்ணன் குடையப் பிடிச்சுக்கிட்டு அந்தப் பக்கம் பாத்து நின்னான். முடியெல்லாம் நரைச்சுப் போச்சு. "அண்ணே, நனையாதே, உள்ள வா"ன்னேன். வந்தான். சாயா குடிச்சான். ஜெயசிங்கப் பத்தி நானும் கேக்கல, அவனும் சொல்லல. போவும்போ, "பிள்ளைய உன்ன நம்பி விடுறேன் ஜெயபாய்"ன்னான். சொந்த மவன் ஏஜென்ட்டா இருக்க, என் வீட்டு முற்றத்துல வந்து நின்னு அப்படிச் சொல்ல அவனுக்கு எவ்வளவு கஷ்டமா இருந்திருக்கும்! அன்னைக்கு நான் அழுதேன். சந்தோசமும் உண்டு, இல்லன்னு சொல்ல மாட்டேன்.

ஷைனி எர்ணாகுளத்துக்குப் போனா. உனக்க ஆஸ்பத்திரிக்குத்தான் செலக்ட் ஆயிருக்கா. எல்லாம் பாத்தாச்சு, எல்லாம் செரியாக்கும்.

இனி நான் கேக்கது இதுதான். அவ அங்க வந்தா நீ பாத்துக்கிடுவியா? அவளுக்க அண்ணன் உனக்குச் செய்தத மறந்திருன்னு நான் சொல்லல. எனக்கே மறக்கல. உனக்கு மனசு வரலன்னா எழுது. ஒரு வார்த்த குறை சொல்ல மாட்டேன்.

உனக்க மாமி


தம்மாம், சவூதி
11-10-1995

என் அன்பு மாமிக்கு,

முதலில் செய்தி. ஷைனி நல்லபடியாக வந்து சேர்ந்தாள். பதில் எழுத இவ்வளவு நாள் ஆனதற்கு என்னை மன்னியுங்கள்.

உங்கள் கடிதம் வந்தபோது எனக்குக் கோபம் வந்தது மாமி. அந்த வீட்டுப் பிள்ளையை நானா பார்க்க வேண்டும் என்று லேகாவிடம் சத்தம் போட்டேன். அவளும் ஒத்துப் பாடினாள். பிறகு ரெண்டு பேரும் வாயை மூடிக்கொண்டு டியூட்டிக்குப் போனோம். உங்களுக்கு எழுத எப்போது உட்கார்ந்தாலும், நீங்கள் பிளெஸியை மடியில் வைத்துக்கொண்டு அந்த ஆபீஸ் பெஞ்சில் இருந்ததுதான் கண்ணுக்கு முன்னால் வந்தது. ஜெயசிங் அண்ணனும் நீங்கள் வளர்த்த பிள்ளைதானே. எனக்காக அவர் முன்னால் போய் உட்கார்ந்தீர்கள். நான் முடியாது என்று எழுதவா?

புதிதாக வருகிறவர்கள் பட்டியலில் ஷைனியின் பேரைப் பார்த்ததும், விமான நிலையத்துக்கு நானும் லேகாவும் ஆஸ்பத்திரி வண்டியில் போனோம். ஷைனி பயந்துபோய் ஒரு தூணுக்குப் பக்கத்தில் நின்றாள். என்னைக் கண்டதும் ஓடி வந்தவள், பக்கத்தில் வந்ததும் கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றுவிட்டாள். "அக்கா, உங்களுக்கு எங்க வீட்டு மேல..." என்று தொடங்கினாள். "பெட்டியை எடு, வண்டி நிக்காது" என்றேன். வண்டியில் என் தோளில் சாய்ந்து உறங்கிவிட்டாள்.

ஜெயசிங் அண்ணன் ஆபீசை மூடிவிட்டாராம். இப்போது பொன்னுதாஸ் மாமாவோடு தேங்காய் வியாபாரத்துக்குப் போகிறாராம். திருவனந்தபுரத்தில் பெட்டியைத் தூக்கிக் கொடுத்தது அவர்தான் என்றாள்.

இன்று காலை அவளை நானே மேட்ரனிடம் கூட்டிப் போனேன். பேப்பரையெல்லாம் பார்த்தார். பிறகு நிமிர்ந்து, "இவள் உனக்கு யார்?" என்று கேட்டார். என்ன உறவு என்று இங்கிலீஷில் சொல்ல எனக்குத் தெரியவில்லை. "எங்கள் வீட்டுப் பிள்ளை" என்றேன். "அப்படியென்றால் நன்றாக வேலை செய்வாள்" என்று சொல்லி, ஷைனியைக் குழந்தைகள் வார்டில் போட்டுவிட்டார்.

மாமாவிடம் போய் நீங்களே சொல்லுங்கள். ஷைனி நர்ஸாகத்தான் சேர்ந்திருக்கிறாள். அடுத்த வார்டில் நான் உண்டு.

உங்கள் ஜோஸ்னா